இடுப்புக்கு நேர்ந்த காவடி

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த காலம். குனிந்து தேயிலைச் செடியின் தலையைச் சீவ வேண்டும். முழுதாக நிமிருவதற்குள் அடுத்த செடி வந்துவிடும். பல வருடம் அப்படியே நகர்ந்தேன். ஒரு தூறல் காலையில் கத்தியை ஓங்கினேன். இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. குனிந்தது குனிந்தபடி நின்றுவிட்டேன். அந்த வழியாகக் குதிரையில் வந்த துரை, நான் மரியாதைக்குக் குனிகிறேன் என்று நினைத்துத் தலையை அசைத்துவிட்டுப் போனார். அவர் போனதும் நாலு பேர் என்னைக் கம்பளியில் போட்டு, நாங்கள் குடியிருந்த லயத்துக்குத் தூக்கி வந்தார்கள்.

அதற்கு முன்பும் இடுப்பு அவ்வப்போது முணுமுணுத்ததுண்டு. இந்த முறை சண்டைக்கே வந்துவிட்டது. படுத்தால் புரள முடியவில்லை, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடுவேன். தோட்டத்து மருந்துக்காரர், காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற அதே கசப்புத் தண்ணீரை எனக்கும் ஊற்றிக் கொடுத்தார். இடுப்பு இளகவில்லை, வயிறுதான் இளகியது.

பிறகு லயமே வைத்தியம் பார்க்க இறங்கியது. பிறக்கும்போது கால் முன்னால் வரப் பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்பார்கள் எங்கள் ஆட்கள். அப்படிப் பிறந்தவள் சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த காம்பராவிலேயே இருந்தாள். அவளுடைய கோழியை நான் கல்லால் அடித்த நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் என் மனைவி போய்க் கூப்பிட்டதும் மறுக்காமல் வந்தாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்கண்ணே” என்று என் முதுகைத் தொட்டுக் கும்பிட்டாள். அப்புறம் விட்டாள் ஓர் உதை.

“கோழிக்கும் சேத்தா?” என்று கத்தினேன்.

“அதுக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணே.”

வாசலில் நின்ற கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, சிரித்ததில் உயிர் போய் உயிர் வந்தது. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்து, நான் எழுந்து நடந்தால் திருவிழாவுக்கு என்னைக் காவடி எடுக்கவைப்பேன் என்று நேர்ந்துகொண்டதாகச் சொன்னாள்.

“ஏன் புள்ள, இடுப்பு போனவனுக்குக் காவடியா? ஒரு தேங்காய நேந்துக்கக் கூடாதா?”

“ஒரு தேங்காய்க்கு இந்த இடுப்பு சரியாவுமா?” என்றாள்.

கீழே சிங்களக் கிராமத்திலிருந்து நாட்டு வைத்தியரான வெதமாத்தையா வந்தார். எண்ணெய் கொடுத்து, இலை வதக்கி ஒத்தடம் போடச் சொன்னார். “படுக்க வேணாம், நடக்கணும்” என்று அதட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனைவி மலையில் கொழுந்து பறித்துவிட்டு வந்து, கூடையை இறக்கிய கையோடு இலையை வதக்குவாள். லயத்துப் பெண்கள் கண் வைக்கிற அளவுக்கு அவளுக்கு முடி. கூடைக் கயிற்றுக்காகக் காலையில் இறுக்கிப் போட்ட கொண்டை, ஒத்தடம் போடும்போது அவிழ்ந்து என் முதுகெல்லாம் விழும். இதை வெட்டி ஒரு கம்பளி நெய்யலாம் என்று கேலி செய்வேன். சூட்டுத் துணியை இன்னும் கொஞ்சம் அழுத்துவாள்.

முதலில் தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் நடந்தேன். பிறகு ரோட்டு வரைக்கும். கங்காணி மனமிரங்கி, நாற்றுமேடைக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு மற்றவர்களோடு போய் நின்றபோது எனக்கு ராஜா மாதிரி இருந்தது. ஆனால் குணமாகிவிட்டதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு நாள் ஓடலாம் போலிருக்கும். மறுநாள் குளிரில் விறைத்துக்கொள்ளும்.

திருவிழா நெருங்கியது. பூசாரியைப் பிடித்தேன். “முக்காவாசிதாங்க சரியாச்சு. காவடிய அடுத்த வருசத்துக்கு வச்சுக்கலாமா?”

“முக்காக் காவடின்னு ஒண்ணு இல்லையேப்பா” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் பேசினேன், உள்ளுக்குள் பயம். ஆற்றிலிருந்து கோயிலுக்குச் செங்குத்தான ஏற்றம். நடுவில் பிடித்துக்கொண்டால் மறுபடி படுக்கைதான், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டேன் என்று தோன்றியது. அதை என் மனைவியிடம் சொன்னேன்.

“நான் பின்னாலயே வர்றேன். நீங்க நடங்க.”

திருவிழா அன்று காலை ஆற்றங்கரையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மயிலிறகு கட்டிய காவடியைத் தோளில் ஏற்றினார்கள். தப்பு அடிக்கிறவர்களுக்கு என் இடுப்பைப் பற்றி என்ன கவலை, வெளுத்து வாங்கினார்கள். பாதி ஏற்றத்தில் பிடித்துக்கொண்டது. கால் நகரவில்லை. கண் இருட்டியது. பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

“நிக்காதீங்க. நடங்க.”

நடந்தேன். எப்படி நடந்தேன் என்று கேட்காதீர்கள். கோயில் வாசலில் காவடியை இறக்கிவிட்டு, பார்த்தாயா என்று பெருமையடிக்கத் திரும்பினேன். அவள் தரையில் விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வெயிலுக்குப் போட்டது என்று நான் நினைத்த முக்காடு நழுவிக் கிடந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலை.

“என்ன புள்ள இது?”

“உங்களுக்கு நேந்தப்பவே எனக்கும் ஒண்ணு நேந்துக்கிட்டேன்” என்று எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டாள். “எந்திரிக்காமப் போயிருவீங்களோன்னு எனக்கு அம்புட்டு பயம்.”

என்னோடு சேர்ந்து அவளும் அத்தனை மாதம் பயந்திருக்கிறாள். வாய் திறந்து சொன்னதில்லை. ஊரே பார்க்க அழுதேன்.

சாயங்காலம் இடுப்பு தன் வேலையைக் காட்டியது. அடுத்த காம்பராக்காரி எட்டிப் பார்த்து, “இன்னொரு உதை குடுக்கவாண்ணே?” என்றாள். வேண்டவே வேண்டாம் என்று அனுப்பிவைத்தோம். என் மனைவி இலை வதக்கி ஒத்தடம் போட்டாள். முதுகில் முடி விழவில்லை.

“வலிக்குதா?” என்றாள்.

வலிக்கத்தான் செய்தது. இல்லை என்றேன்.