நாணில் நான் போட்ட முடிச்சு

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு முந்தின நாள் பகலில் நடந்தது. தாராவியில் எங்கள் வீட்டில் அப்போது நான் மட்டும்தான் இருந்தேன். பரணில் மருமகளின் வில் இருந்தது.

வில் என்றதும் மூங்கிலை வளைத்துக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். இதற்குக் காம்பவுண்ட் வில் என்று பெயர். மேலும் கீழும் சக்கரம், சக்கரங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக நாண். முதல் தடவை பார்த்தபோது ஏதோ மெஷினில் பாதியைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். மருமகள் செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். காலேஜில் படிக்கிற காலத்திலேயே அம்பு விடப் பழகியவள். இன்னொருவர் வைத்திருந்த வில்லை வாங்கி, ஞாயிறு தவறாமல் மைதானத்துக்குப் போவாள். அடுத்து வருகிற பொங்கலுக்கு முன்னால் மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு இருந்தது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. "இந்தத் தடவ விட்டா பொறவு இல்ல அத்த" என்று சொல்லியிருந்தாள்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தெரிந்த வேலை ஒன்றே ஒன்று, தோல் பைகளுக்குக் கையால் தையல் போடுவது. எங்கள் சந்துப் பட்டறையில் முப்பது வருடம் அதைத்தான் செய்தேன். ஆயுத பூஜை வந்தால் கத்தி, குத்தூசி, சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்து, பிய்ந்ததைச் சரிசெய்து, பொட்டு வைத்த பிறகுதான் சாமி முன்னால் வைப்போம். வேலையை விட்ட பிறகு எங்கள் வீட்டில் ஆயுதம் என்று இருந்தது அரிவாள்மணையும் அவள் வில்லும்தான்.

வில்லை இறக்கித் துடைத்தேன். நாணில் கண் உயரத்துக்கு ஒரு சின்ன வளையம் செருகியிருந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதற்கு மேலும் கீழும் சுற்றியிருந்த நூல் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து கிடந்தது. பக்கத்தில் பெயின்ட் சிந்தியது மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. பிரிந்த நூலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பழைய நூலை வெட்டி எடுத்தேன். வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினேன். பழையதும் கறுப்புதான் என்பதால், என்னிடம் மிச்சமிருந்த கறுப்பு மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பழைய கட்டைவிட அழகாக இருந்தது. மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாயங்காலம் மருமகள் வந்து பார்த்துச் சிரித்தாள். "என்ன அத்த, வில்லுக்குக் கல்யாணப் பொண்ணு கணக்கா பொட்டு வச்சிருக்கீங்க."

நூல் மாற்றியதை நான் சொல்லவில்லை. செய்ததை நாமே சொல்லிக்கொள்வானேன் என்ற கூச்சம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு அம்புகள் பலகையின் நடுவில் உள்ள மஞ்சள் வட்டத்துக்கு மேலே போயிருக்கின்றன. குறி பார்க்கிற சைட்டைத் திருகிச் சரிசெய்தாள். ஒரு வாரம் நன்றாகப் பட்டது. மறுபடி மேலே போனது. மறுபடி திருகினாள். அதற்குப் பிறகு ஒன்று மேலே, ஒன்று கீழே என்று சிதற ஆரம்பித்தது. கழுத்து வலிக்கிறது என்று இரவில் தைலம் தேய்த்துக்கொண்டாள். எத்தனை அம்பு எங்கே பட்டது என்று நோட்டில் எழுதுகிறவள், எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மைதானத்தில் கூட இருந்தவர்கள், வில் கிழடாகிவிட்டது, இப்போது வருகிற புது வில்லில் இழுத்துப் பிடிக்கிறது லேசு, அம்பும் வேகமாகப் போகும் என்றார்களாம். சொல்லிக்கொடுக்கிற சார் மட்டும், புது வில்லுக்குக் கை பழகவே மூன்று மாதம் ஆகும், தேர்வுக்கு முன்னால் மாற்றாதே என்றாராம். என் மகன் சோறு சாப்பிட்டுக்கொண்டே, "புதுசு வாங்கிருவோம். பழச வச்சு எதுக்கு மல்லுக்கட்டுத?" என்றான்.

"வில்லு பழசாப் போச்சா, நான் பழசாப் போயிட்டனான்னு தெரியலயே" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அரிசி களையப் போனவள் வெகுநேரம் களைந்துகொண்டிருந்தாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "அத்த, பரண்லருந்து எடுக்கும்போது வில்லு கீழ எதும் விழுந்துச்சா?"

"இல்லம்மா, விழல" என்றேன்.

விழவில்லை என்பது உண்மை. ஆனால் அவள் கேட்ட அந்த நிமிஷமே எனக்கு அந்த நூல் ஞாபகம் வந்தது. இத்தனூண்டு நூலாலா இதெல்லாம் ஆகும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இல்லை என்ற வார்த்தைக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொண்டேன்.

கடைசியில் அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த வருடம் தேர்வுக்குப் போகப் போவதில்லை. இருக்கிற வில்லை விற்றுவிட்டு, புதியதை வாங்கி மெதுவாகப் பழகிக்கொள்வது. சொல்லும்போது அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

சனிக்கிழமை சாயங்காலம் சுனாபட்டியிலிருந்து ஒரு மராட்டிக்காரப் பெண் வில்லைப் பார்க்க வந்தாள். புதிதாகப் பழக ஆரம்பித்தவள். இரண்டு பேரும் இந்தியில் பேசினார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பேச வராவிட்டாலும் இந்தி எனக்குப் புரியும். மருமகள் எதையும் மறைக்காமல் சொன்னாள், இந்த வில்லில் இரண்டு மாதமாகக் குறி நிற்கவில்லை, யோசித்து வாங்கு என்று. பிறகு ஒவ்வொரு பாகமாகக் காட்டினாள்.

"இந்த வளையம் இருக்குல்ல, இதோட ஓட்டை வழியாத்தான் கண்ணு பாக்கணும். இது நூலளவு நகர்ந்தாலும் அம்பு அங்க சாண் கணக்குல தப்பிரும். அதுக்குத்தான் பக்கத்துல வெள்ளையா ஒரு அடையாளம்..." என்று சொல்லி, நாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வச்சிருந்தேனே" என்றாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் அணைக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் வாய் திறந்து எனக்குப் பழக்கமே கிடையாது. விருந்தாளி வந்தால் தட்டை நீட்டிவிட்டு உள்ளே போகிறவள் நான். இப்போதும் பேசாமல் இருந்தால் வில் போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நினைப்பு வந்ததே, அதில்தான் நான் பயந்துபோனேன்.

"ஏம்மா, அந்த நூல நான்தான் மாத்துனேன்" என்றேன். "பூஜைக்கு. அந்த வெள்ளையவும் நான்தான் சுரண்டுனேன்."

மருமகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வந்த பெண் என்னவென்று கேட்டாள். இவள் இந்தியில் சொன்னதும் அந்தப் பெண் வளையத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள். நகர்ந்தது. என் மெழுகு நூல் தோலைப் பிடிக்கும். அந்த வழுவழுப்பான நாணில் அதற்குப் பிடிமானம் இல்லை. ஒவ்வொரு அம்புக்கும் மயிரிழை மயிரிழையாக மேலே ஏறியிருக்கிறது.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "எங்க மாமியார் தசராவுக்கு என் லேப்டாப் மேல மஞ்சத்தண்ணி தெளிச்சாங்க. உங்க மாமியார் தேவல." பிறகு வில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "முதல்ல இதச் சரிபண்ணி அம்பு விட்டுப் பாருங்க. அப்பவும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா கூப்பிடுங்க. இப்ப நான் எடுத்துட்டுப் போனா நியாயமில்ல." வழிந்தது போக மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுப் போனாள். ஒரு நல்ல வில் அவளுக்கு அன்றைக்குச் சுலபமாகக் கிடைத்திருக்கும்.

அவள் போன பிறகு மருமகள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"நூல மாத்துனது தெரியாமச் செஞ்சது. விடுங்க. விழுந்துச்சான்னு கேட்டேம்லா, அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லா அத்த. என் கையே போயிட்டுன்னுல்லா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் காலை நானும் மைதானத்துக்குக் கிளம்பினேன். "நான் சார்ட்ட சொல்லிக்கிடுதேன், நீங்க வெக்கப்படுவீங்க" என்றாள். நானே சொல்கிறேன் என்று போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் கட்டை அறுத்துவிட்டு, மருமகளைக் கண்ணை மூடிக்கொண்டு நாணை இழுத்து, கை தாடையில் வழக்கமாக நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னார். பிறகு கண்ணைத் திற என்றார். வளையம் கண்ணுக்கு மேலே இருந்தது. கொஞ்சம் இறக்கினார். மறுபடி மூடு, மறுபடி திற. நாலைந்து தடவை அப்படிச் செய்து, கண் திறந்ததும் நேராக ஓட்டை தெரிகிற இடத்தில் நிறுத்தி, அதற்கென்று உள்ள நூலால் கட்டினார். வளையத்தைத் தேடிக் கழுத்து போகக் கூடாதாம், கழுத்து இருக்கிற இடத்துக்கு வளையம் வர வேண்டுமாம். கழுத்து வலி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது.

சைட்டையும் சரிசெய்துவிட்டு ஆறு அம்பு விட்டாள். நாலு மஞ்சளில், இரண்டு அதை ஒட்டின சிவப்பில். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அவள் உடனே திரும்பிப் பார்க்கவில்லை. வில்லை மெதுவாகக் கீழே இறக்கினாள். தோள் தளர்ந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

அந்தப் பழைய வில்லோடுதான் தேர்வுக்குப் போனாள். அணியில் அவளை எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, "இது என் கை பண்ணுனது அத்த, இத ஒத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். அடுத்த வருடம் புது வில் வாங்கினாள். பழையதால் என்ன முடியும், எது முடியாது என்று ஒரு வருடம் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, நிதானமாக எடுத்த முடிவு அது. பழையது சுனாபட்டிக்காரப் பெண்ணிடம் இருக்கிறது.

நான் அமைதியானவள், வாய் பேசாதவள் என்று சந்தில் எல்லோரும் என்னை நல்லவிதமாகச் சொல்வார்கள். முன்பு கேட்க நன்றாக இருக்கும். இப்போது யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துபோக எனக்கு மனசு வருவதில்லை.