நகவெட்டி ஊழியம்

ஊழியம் என்றால் என்ன என்று ஒன்பது வயதில் எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது. காரணம், அம்மாவின் நகவெட்டி.

மேலகரத்தில் எங்கள் சபையிலிருந்து சனிக்கிழமைதோறும் ஒரு குழு தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும். கட்டில் கட்டிலாக நின்று பாடுவார்கள், வசனம் சொல்லி ஜெபிப்பார்கள், கைப்பிரதி கொடுப்பார்கள். அம்மாவும் போவாள். ஆனால் குழு கடைசிக் கட்டிலுக்குப் போன பிறகும் அவள் முதல் கட்டிலிலேயே உட்கார்ந்து, படுத்திருப்பவரின் நகத்தை வெட்டிக்கொண்டிருப்பாள்.

சபையின் ஆண்டுவிழா நெருங்கியது. ஊழியம் செய்கிறவர்களை மேடைக்கு அழைத்து ஜெபிக்க ஏற்பாடு. பட்டியல் எழுதியவர் செயலாளர் அண்ணாச்சி. நல்ல மனிதர்தான், "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்பது அவருக்கு ஐந்தாவது சுவிசேஷம். அம்மாவின் முறை வந்ததும் பேனா நின்றது.

"தங்கச்சி, நகம் வெட்டுதத எல்லாம் ஊழியம்னு எப்படி எழுத?"

"நகவெட்டி ஊழியம்னு எழுதுங்க அண்ணாச்சி" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மாவை எப்படியாவது அந்த மேடையில் பார்த்துவிட வேண்டும். அண்ணாச்சியும் மனமிரங்கி, அடுத்த சனிக்கிழமை வரை பார்ப்போம் என்றார்.

விசாரிக்கத் தொடங்கினேன். அப்பா, "சம்பளம் இல்லாத வேலை எல்லாம் ஊழியந்தான். அப்படிப் பாத்தா நம்ம அடுப்பங்கரைதான் பெரிய சபை" என்றார். ஓய்வுநாள் பள்ளி அக்காவோ, "ஏன் இதச் செய்யுதீங்கன்னு யாராச்சும் கேப்பாங்கல்லா, அப்ப இயேசுவச் சொல்லணும். அதான் ஊழியம்" என்றாள். இது எனக்கு வசதியாகப் பட்டது. யாராவது ஒருவர் கேட்டால் போதும்!

அந்தச் சனிக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். புளியங்குடியிலிருந்து குற்றாலத்துக்குக் குளிக்க வந்து, பாறையில் வழுக்கி, வலது கையில் மாவுக்கட்டோடு ஒரு வயதான அம்மாள் படுத்திருந்தார்.

"இடது கையால திங்க வேண்டிக்கெடக்கு. நகத்துக்குள்ள எல்லாம் சோறு. எனக்கே கொமட்டுது."

அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள். சுண்டுவிரலில் தொடங்கினாள். நான் அந்த அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரலுக்கு வந்தபோது கேட்டேவிட்டார்.

"நீ யாரு பெத்த பிள்ளையோ! எனக்கு எதுக்கும்மா இதெல்லாம் செய்யுத?"

சொல்லு, சொல்லு என்று அம்மாவின் முதுகில் குத்தினேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"நகம் வளந்திருக்குல்லா" என்றாள். பிறகு என்னிடம், "ஏட்டி, ஆட்டாத. சதையில பட்டுரும்."

அவ்வளவுதான். கையைக் கழுவித் துடைத்துவிட்டாள். அந்த அம்மாள் விரல்களை விரித்து ஒருதரம் பார்த்துக்கொண்டு, தலைமாட்டிலிருந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். வாசலில் அண்ணாச்சி, "அம்மா இயேசுவப் பத்தி ஏதும் சொன்னாளா பாப்பா?" என்று ஆசையாகத்தான் கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஆண்டுவிழாவில் மேடை நிறைய ஆட்கள். அம்மா பின்வரிசையில் கண்ணை மூடி அவர்களுக்காக உருகி உருகி ஜெபித்தாள். நான் கண்ணை மூடவே இல்லை. சாரலில் நனைந்து வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்.

"உனக்கு வருத்தமா இல்லையாம்மா?"

"எதுக்குட்டி?"

நடிக்கிறாள் என்றே நினைத்தேன். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று ஒருத்திக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்க முடியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.