ஓம் சொன்ன பிறகு ஏலம் கேட்டது

அந்தப் படத்தை நான் விரலால் பெரிதாக்கிப் பார்த்திருக்கக் கூடாது. பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை.

நான் சாய்ந்தமருதில் வீட்டு முன்னறையில் தையல் மெசின் போட்டிருப்பவள். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மிச்சத்தை அளவு கொடுக்க வருகிற பெண்களின் வாயிலிருந்துதான் படித்தேன். நல்ல கதை யாராவது சொன்னால் அளவுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவிடுவேன். "கையைக் கொஞ்சம் தொளதொளப்பா வெட்டுங்க ராத்தா, இது மாமி வீட்ட போற சட்டை, கோவத்துல கை வீங்கினாலும் கொள்ளணும்" என்று ஒருத்தி சொன்னது அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது.

கொப்பிக்கு அடுத்தபடியாக என் ஆசை பழைய கடித உறைகள். முத்திரைக்காக இல்லை, அதன்மேல் தபால் கந்தோரில் குத்துகிற வட்டச் சீலுக்காக. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் உள்ள கந்தோர்களின் பழைய சீல் எல்லாம் சேர்க்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். எனக்குக் கிடைக்காமல் நின்றது கோமாரி ஊரின் சீல் ஒன்றுதான்.

இதே பைத்தியம் காரைதீவில் இன்னொருவருக்கும் இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரை நான் சேர் என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். இரண்டு ஊருக்கும் இடையில் ஓட்டோவில் பத்து நிமிடம்கூட இல்லை. ஆனால் நாங்கள் சந்தித்தது முகநூலில், பழம்பொருள் சேர்ப்பவர்களின் ஏலக் குழுவில். விற்பவரின் பெயரைக் குழு வெளியே சொல்லாது. சாமானின் படமும் ஆரம்ப விலையும் முடிகிற நேரமும் போடுவார்கள். கேட்கிறவர்கள் கீழே எல்லாருக்கும் தெரிய விலை எழுத வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும்.

அது குழுவின் சட்டம். எனக்கும் சேருக்கும் தனியாக இரண்டு சட்டம் இருந்தன. ஒரு சாமான் ஆசைப்பட்டால் முதலில் மற்றவருக்குப் படத்தை அனுப்பி 'எனக்கு' என்று எழுத வேண்டும். மற்றவர் சரி என்று 'ஓம்' போட்டால் அதில் வாய் வைக்க மாட்டார். இரண்டாவது, வேறு ஊர்ச் சாமானுக்கு இரண்டு பேரும் கேட்டாலும், நான் தொழுகையில் நிற்கிற நேரம் சேர் விலை கேட்க மாட்டார். வெள்ளிக்கிழமை அந்தியில் அவர் அம்மன் கோயிலில் நிற்கிற நேரம் நான் கேட்க மாட்டேன். நாலு வருடம் இப்படியே போனது. எவ்வளவு மரியாதையான ஆட்கள் நாம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

மாரி மழைக்கு முந்திய ஒரு வாரத்தில் அந்த அல்பம் ஏலத்துக்கு வந்தது. இந்தக் கரையோரத்து உறைகள், நாற்பதுக்கு மேல். முன்பக்கத்திலேயே கோமாரிச் சீல், மை கலங்காமல். ஆரம்ப விலை இரண்டு அபாயா தைக்கிற கூலி, அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேரின் செய்தி வந்தது: 'எனக்கு.' அவருக்கு முதல் நியமனம் கோமாரியில்தான். அங்கேயிருந்து தாய்க்கு எழுதிய கடிதம் ஒன்றும் மிஞ்சவில்லை என்று முன்பு சொல்லியிருந்தார். எனக்கு நெஞ்சு கொஞ்சம் எரிந்தது. ஆனாலும் 'ஓம் சேர்' என்று எழுதினேன்.

ஏலம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை பகல், கிடைக்காத சீலைக் கண்ணாலாவது பார்ப்போம் என்று படத்தைப் பெரிதாக்கினேன். அல்பத்தை ஒரு வெள்ளைத் துணியின்மேல் வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். துணியின் விளிம்பில் தையல் தெரிந்தது. ஒரு மூலைவரைக்கும் வெள்ளை நூல். மூலை திரும்பிய பிறகு சந்தன நிற நூல்.

அது என் தையல்.

பக்கத்து ஒழுங்கையில் ஒருத்தியின் புருசன் மௌத்தான அன்று, அவள் இத்தா என்ற துக்கக் காலம் இருப்பதற்கு வெள்ளை உடுப்பு அவசரமாகக் கேட்டார்கள். இரண்டு நீளச் சட்டையும் மேலே போர்த்துகிற ஒரு துப்பட்டியும். துப்பட்டிக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளை நூல் முடிந்துவிட்டது. கடையெல்லாம் பூட்டு. சந்தன நூலைக் கோத்து மிச்சத்தை முடித்துக் கொடுத்தேன். இத்தாவின் நாலு மாதம் பத்து நாள் இன்னும் முடியவில்லை. அவள் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறாள். அவளுடைய புருசன் தபால் கந்தோரில் எனக்குப் பத்து வருடம் முத்திரை விற்ற மனிதர். தானும் உறை சேர்ப்பதாக ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். போன கிழமை அவளைப் பார்க்கப் போனபோது சமையலறைக்குள் மூன்று வாளி வைத்திருந்தாள். கூரைத் தகடு உக்கிப் போயிருந்தது. "பெருமழைக்கு முன்னம் எப்படியும் மாத்திருவன், ஒரு வழி இரிக்கி" என்றாள். அந்த வழி இதுதான். இந்தக் கரையோரச் சாமானை வேறு யாரும் கேட்பதில்லை. நானும் சேரும் எங்கள் மரியாதையைக் காப்பாற்றினால் அது இரண்டு அபாயாக் கூலிக்குச் சேருக்குப் போய்விடும். அவள் வாளியோடு இருப்பாள்.

அவளிடம் நேரே போய் வாங்கினால் குழுவுக்குத் துரோகம். சேரிடம் உண்மையைச் சொன்னால் அவளுக்குத் துரோகம். மையித்தை அடக்கிய மண்ணின் ஈரம் காயவில்லை, அதற்குள் புருசனின் சாமானை விற்கிறாள் என்று ஊரில் ஒரு வாய் போதும். சும்மா விலையை ஏற்றிவிட்டு நான் விலகினால் அது கள்ள வேலை. ஒரே வழி, நானே வாங்குகிற எண்ணத்தோடு கேட்பது. மெசினுக்குப் புது மோட்டார் போட வைத்திருந்த காசு இருந்தது. அதுதான் என் எல்லை.

நாலு மணிக்குச் சேருக்கு அழைத்தேன். ஓம் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன் என்று எப்படிச் சொன்னேனோ தெரியாது, சொல்லிவிட்டேன்.

"ஏன் எண்டு கேக்கலாமா தங்கச்சி?"

"அது சொல்ல ஏலாது சேர்."

"உங்களுக்கும் கோமாரி இல்ல. அதுவா?"

"அதும் இரிக்கி. ஆனா அதுக்காக இல்ல."

"நாலு வருசமா உங்கட ஒரு 'ஓம்' வந்தாப் போதும், நான் போனை மூடி வெச்சிட்டுப் போய்ப் படுத்திருவன்" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "சரி. நீங்க கேளுங்க. நானும் கேக்கிறன்."

ஏலம் முடிகிற ஐந்து மணிக்கு நாலு நிமிடம் இருக்க என் விலையை எழுதினேன். அவர் உடனே ஏற்றினார். நான் ஏற்றினேன். வழக்கமாக என் பெயரோடு ஒரு தங்கச்சி போடுவார். அன்று வெறும் எண் மட்டும். ஐந்து ஐந்து நிமிடமாக நேரம் நீண்டது. அளவு கொடுக்க வந்த ஒருத்தியை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். "என்ன ராத்தா, முகம் பரீட்ச மண்டபத்துல இருக்கிற மாதிரி இரிக்கி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைக் கொப்பியில் எழுதக்கூட எனக்குக் கை வரவில்லை.

நாலு அபாயா. ஏழு அபாயா. பத்து. அதற்குமேல் சேர் ஒவ்வொரு முறையும் கடைசி நிமிடம்வரை தாமதித்தார். விட்டுவிட்டாரோ என்று நினைக்கும்போது எண் விழும். ஓய்வூதியத்தில் வாழ்கிற மனிதர். அவரை எங்கே கொண்டுபோகிறேன் என்று பயம் வந்தது. மோட்டார்க் காசின் விளிம்பில் என் கடைசி விலையை எழுதினேன். அந்த நேரம் பள்ளிவாசலில் மஃரிபுக்கு, அந்தித் தொழுகைக்கு, பாங்கு சொன்னார்கள்.

போனைத் துணிக் குவியலுக்கு அடியில் வைத்துவிட்டு, கைகால் கழுவி வுளூ செய்யப் போனேன். தொழுகையில் மனம் நின்றது என்று பொய் சொல்ல மாட்டேன். சலாம் கொடுத்து முடித்து, தொழுத முசல்லாவை மடிக்காமலேயே வந்து போனை எடுத்தேன்.

ஏலம் முடிந்திருந்தது. எனக்கும் இல்லை, சேருக்கும் இல்லை. பாங்குக்குப் பிறகு கண்டிப் பக்கத்து ஆள் ஒருவர் என் விலைக்குமேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. கீழே அந்த ஆள் எழுதியிருந்தார்: அந்தக் கரையோரத்துச் சாமான் வந்தால் எப்போதும் ஒருவர்தான் கேட்பார், மற்றவர் விடுவார், அது உங்கள் இரண்டு பேருக்குள்ளே ஒதுக்கியது என்று நினைத்து இத்தனை நாளும் நாங்கள் எட்டியே நின்றோம், இன்றைக்கு நீங்களே போட்டி போடுவதைப் பார்த்துத்தான் துணிந்தேன்.

நாலு வருடமாக எத்தனை பேருடைய சாமான் எங்கள் 'ஓம்' ஒன்றால் மலிந்து போனதோ என்று அப்போதுதான் நினைத்தேன்.

சேரின் செய்தி தனியாக வந்திருந்தது. 'நீங்க தொழுகையில நிப்பீங்க எண்டு நான் கை வைக்கல்ல. முடிஞ்சு போச்சு தங்கச்சி.'

நான் என் சொல்லை உடைத்திருந்தேன். அவர் தன்னுடையதை உடைக்கவில்லை. அதில் கோமாரி போனது. மாப்புக் கேட்டு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது, 'இனி "எனக்கு" எண்டு அனுப்ப வேணாம் சேர், ரெண்டு பேரும் கேப்பம்' என்பதுதான். இரண்டு நாள் கழித்து 'ம்' என்று பதில் வந்தது. அதன் பிறகு ஏலத்தில் என்னோடு முட்டி முட்டிக் கேட்கிறார். தொழுகை நேரத்தில் மட்டும் இன்னும் அவருடைய எண் விழுவதில்லை. ஏன் சொல்லை மாற்றினேன் என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.

இத்தா முடிந்த கிழமை அவள் என் வீட்டுக்கு வந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் துப்பட்டியைத் தலையணை உறையாக வெட்டித் தரச் சொன்னாள். கூரை மாற்றிய கதையை அவளே எடுத்தாள். அவருடைய பழைய சாமான் ஒன்றை விற்றதாம், தூரத்து ஆள் நல்ல விலைக்கு எடுத்தாராம்.

"ஊராக்கள்ற கையில மாட்டியிருந்தா சும்மா விலைக்கு எடுத்திருப்பாங்க ராத்தா."

"ஓம் புள்ள" என்றேன்.

துணியை மேசையில் விரித்தாள். விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் மூலையில் நின்றாள். "இதென்ன, இங்கால வேற நூல்? நாலு மாசமா உடுத்தியிரிக்கன், இண்டைக்குத்தான் காண்றன்."

"அண்டைக்கு வெள்ள நூல் முடிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை எடுத்தேன்.