பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

ஏழுமலை போய்விட்டான். காலையில் அவன் தம்பி போன் செய்தான்... மாரடைப்பாம்.

2000-களின் நடுவில், செங்கம் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தோம். நல்லதாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். பொறாமைதான் முதலில் வருகிறது.

கடையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ். ஏழுமலைக்கு அது அத்துபடி. பக்கத்து ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் உள்ளே நுழைந்ததும் "வேர் இஸ் ஏழு?" என்றுதான் கேட்பார்கள். எதிரில் நான் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

பேக்கப் எடுக்க முதலாளி ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினார். "ஏழுமலை ஃபார்மட் பண்ணுவான். நீ தொடாத" என்றார். அந்த "நீ தொடாத" இருக்கிறதே... எரிந்தது எனக்கு.

ஆயுத பூஜை அன்று கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனப் பொட்டு வைத்தேன். கீழ்பென்னாத்தூர் போட்டோகிராபர் ஒருவர் சிடி போடக் கொடுத்திருந்த, அதே மாடல் டிஸ்க்குக்கும் சேர்த்து.

மறுநாள் ஏழுமலை வருவதற்குள் நானே முடித்துக் காட்ட வேண்டும் என்று வெறி. பொட்டு இருக்கிறது, கடைப் பொருள்தான் என்று எடுத்துச் செருகினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஃபார்மட் கமாண்டில் ஓர் எழுத்துத் தப்பில்லை. அழிந்து போனது போட்டோகிராபர் டிஸ்க்கில் இருந்த, யாரோ ஒரு பெண்ணின் கல்யாணப் படங்கள்.

போட்டோகிராபர் வாசலில் நின்று கத்தினார். முதலாளி நேராக ஏழுமலையிடம் போனார். "இந்த வேலை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா... பாத்துப் பண்ண மாட்டியா?"

என்மேல் சந்தேகம்கூட வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதற்கும் பொறாமைப்பட்டேன்.

ஏழுமலை என்னை ஒருமுறை பார்த்தான். "தப்பாயிடுச்சுங்க" என்றான். அன்றே வேலை போனது.

டீக்கடையில் அவனைப் பிடித்து, "ஏன்டா என்னைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"அடுத்த மாசம் உனுக்குக் கல்யாணம்டா. வேலை இல்லனா பொண்ணு வூட்ல இன்னா சொல்வாங்க?"

அவன் நாற்காலி எனக்குக் கிடைத்தது. இவன் மட்டும் எப்படி இவ்வளவு நல்லவனாக இருக்கிறான் என்று அதில் உட்கார்ந்துகொண்டே பொருமினேன்.

இன்று அவன் போட்டோவுக்குக் கீழே முதலாளி கமெண்ட் போட்டிருக்கிறார். "தங்கமான பையன். என்கிட்ட இருந்தவரைக்கும் ஒரே ஒரு தப்புதான் பண்ணான்."

முதலாளி... அந்த ஒன்றையும் அவன் பண்ணவில்லை. நான்தான் பண்ணினேன்.

போய் வா, ஏழுமலை.