அக்கா கல்யாணம், ஒன்பதாம் பாகம்

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் தென்காசி வீட்டில் எதைத் திறந்தாலும் முதலில் பூஞ்சை வாசம்தான் வரும். குற்றாலத்துச் சாரல் ஊருக்கெல்லாம் சுகம். பீரோவுக்கு மட்டும் ஆகாது. போன வாரம் பிரபுவும் நானும் சீசனுக்கு வந்திருந்தோம். பிரபு ஆறு வருஷமாகச் சென்னையில் என்னோடு வாழ்பவன். 'துணைவன்' என்று எழுதலாம்தான், படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். ஐந்தருவியில் குளித்துவிட்டு வந்து, துண்டு தேடி என் பழைய பீரோவைத் திறந்தவன், ஜிப் வைத்த கறுப்புப் பை ஒன்றோடு கூடத்துக்கு வந்தான். உள்ளே டிவிடிகள். 'அக்கா கல்யாணம் 1', 'அக்கா கல்யாணம் 2' என்று பதினான்கு வரை, ஒன்றைத் தவிர எல்லாம் என் கையெழுத்து.

"உங்க அக்காவுக்கு மொத்தம் எத்தனை கல்யாணம்டா?" என்றான்.

இதே கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் புளியறைச் சோதனைச் சாவடியில் நின்ற ஒரு போலீஸ்காரர்.

நான் திருவனந்தபுரத்தில் சினிமா படித்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது என்னிடம் இருந்தவை கொஞ்சம் தாடி, இரண்டு ஜிப்பா, மிச்சமெல்லாம் அபிப்பிராயங்கள். பாட்டு இருந்தால் அது படமே இல்லை. காமிரா அசையக் கூடாது. கதை என்று ஒன்று தட்டுப்பட்டால் அது இயக்குநரின் பலவீனம். நீங்கள் அன்று என்னைச் சந்தித்திருந்தால் பத்து நிமிடத்தில் பஸ் ஏறியிருப்பீர்கள். விடுதியில் ஒருவன் எங்கெங்கிருந்தோ சுயாதீனப் படங்களை இறக்கி டிவிடியில் ஏற்றித் தருவான். அவற்றில் ஆணை ஆண் நேசிக்கும் படங்களாகப் பார்த்து நான் தனியே சேர்த்தேன். எதற்கு என்று யாராவது கேட்டால், "ஆய்வுக்கு" என்பேன். கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

அந்தப் படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசியில் இருவரில் ஒருவன் செத்துப்போவான். ஆற்றில் விழுந்து, அடிபட்டு, நோய் வந்து, சில சமயம் காரணமே சொல்லாமல். நான் இதை ஆதரித்துப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை எழுதினேன். துயரம்தான் இந்தக் காதலின் உண்மை, சந்தோஷமான முடிவு என்பது வெறும் சமரசம், இப்படியெல்லாம். ஆசிரியர் ஓரத்தில் 'பிரமாதம்' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு பக்கத்தைப் பலரிடம் காட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமைகளில் ஊருக்கு வருவேன். பஸ் ஆரியங்காவு தாண்டி மலையிறங்கிப் புளியறைக்கு வந்ததும் போலீஸ்காரர்கள் ஏறிப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் தேடியது மது பாட்டில். பயந்து செத்தது நான். அப்பா வேறு தென்காசியில் ஏட்டு. அதனால் படங்களின் பெயர்களை எழுதாமல் 'அக்கா கல்யாணம்' என்று எழுதிவைத்தேன். அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. கல்யாண டிவிடியைச் சந்தேகப்படுகிறவன் தமிழ்நாட்டில் இருக்க மாட்டான் என்பது என் நம்பிக்கை.

"பதினாலாடே? உங்க அக்காவுக்கு எத்தன கல்யாணம்?"

"ஒண்ணுதான் சார். சொந்தக்காரங்க நெறைய."

சிரித்துக்கொண்டே பையை மூடிக் கொடுத்துவிட்டார். ஆனால், சந்தேகப்படாதவர்கள் பார்க்க ஆசைப்படுவார்களே, அதை நான் யோசிக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமனாரும் மாமியாரும், எனக்கு மாமாவும் அத்தையும், சீசன் குளியலுக்கு வந்தார்கள். மாமா அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்ததில் கூடம் முழுக்க எண்ணெய் வாசம். எல்லோரும் மத்தியானம் சாப்பிட்டு முடித்து, நான் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தபோது அம்மாவின் குரல் கேட்டது.

"மதினி, கல்யாண சி.டி. புதுசா நெறைய வந்துருக்கு பாத்துக்கிடுங்க. தம்பி பையில இருந்துது."

ஈரக்கையோடு ஓடிவந்தேன். நான்காம் பாகம் உள்ளே போய்விட்டது. அந்தப் படம் எனக்கு மனப்பாடம். முதல் ஆறு நிமிடம் பஸ் கண்ணாடியில் மழை வழிவது மட்டும்தான். ஏழாவது நிமிடத்தில் இரண்டு ஆண்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள்.

"ஏ, இது நம்ம வேன்லா!" என்றார் மாமா. "கடையநல்லூர் தாண்டயில மழை பிடிச்சுது, ஞாவகம் இருக்கா?"

"நாந்தான் ஜன்னலோரம் இருந்தேன்," என்றாள் அத்தை.

அப்பாவுக்குத்தான் திருப்தியில்லை. "எவ்வளவு நேரம் மழையவே எடுத்திருக்கான்! வீடியோக்காரன் தூங்கிட்டாம் போல."

அசையாத காமிராவின் அருமையைப் பற்றி வகுப்பில் வாய் கிழியப் பேசியவன் நான். அதன் முழு அருமையும் அன்றுதான் தெரிந்தது. ரிமோட் மாமாவின் தொடைக்கு அடியில் இருந்தது. கண்ணாடியில் மழை நின்று ஒரு கை தெரிந்தது. கரண்ட் போய்விட்டது.

மேலகரம் பக்கம் கம்பிமேல் மரம் விழுந்துவிட்டதாம். அப்போது நான் விட்ட பெருமூச்சு அரை மணி நேரம்கூட நிலைக்கவில்லை. கரண்ட் இல்லாமல் டிவிடி வெளியே வராது. எனக்கு நான்கு மணிக்குப் பஸ், மறுநாள் காலையில் பரீட்சை. பிளேயரின் சின்னத் துளையில் ஊக்கால் குத்தி எடுத்துப் பார்க்கலாம் என்றால் மாமா டிவிக்கு முன்னாலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டார். நான்காம் பாகத்தை உள்ளேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வாரம் ஒருமுறை போன் செய்யும் அம்மா அதன் பிறகு தினமும் கூப்பிட்டாள். சாப்பிட்டியா, என்ன குழம்பு, எங்கே இருக்கிறாய். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் கேட்கத் தைரியமில்லை.

பதினைந்து நாள் கழித்து ஊருக்குப் போனேன். அப்பா டூட்டிக்குப் போயிருந்தார். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"அந்தப் பையன் ஏன்லே செத்தான்?"

மாமாவும் அத்தையும் கிளம்பிப் போன பிறகு கரண்ட் வந்ததும், அம்மா தனியாக நான்காம் பாகத்தைக் கடைசிவரை பார்த்திருக்கிறாள். "படம்மா அது. அப்படித்தான் எடுப்பாங்க."

"எல்லாப் படத்துலயுமா?"

"அநேகமா."

கத்தியைக் கீழே வைத்தாள். "நீயும் அவன மாதிரியாய்யா?"

"ஆமாம்மா."

அழுதுவிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். "நீ எதுவும் பண்ணிக்கிடாத ராசா, அம்மைக்கு வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். பதினைந்து நாளும் அவள் போனில் கேட்டது, நான் உயிரோடு இருக்கிறேனா என்பதைத்தான். அந்தப் 'பிரமாதம்' பக்கத்தை நினைத்து எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்தது. நானும் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சாவாத படம் ஒண்ணுகூடவா இல்ல?"

ஒன்று இருந்தது. ஒன்பதாம் பாகம். இரண்டு பேர் ஒரு பழைய படகைச் சரிசெய்வார்கள், சண்டை போடுவார்கள், மீன் சுட்டுத் தின்பார்கள், கடைசியில் படகு மிதக்கும். 'மேலோட்டமானது' என்று நோட்டில் எழுதி ஒதுக்கியிருந்தேன். இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கீழே ஓடிய இங்கிலீஷை அம்மா கண்டுகொள்ளவே இல்லை. "குட்டையா இருக்கானே, அவன் கோவக்காரன். ஆனா அவந்தான் சோறு பொங்குதான் பாரு," என்றாள். படகு மிதந்ததும் கை தட்டினாள். பிறகு பேனா வாங்கி, டிவிடியின் மேல் நான் எழுதியதை அடித்துவிட்டு, 'சாகாத படம்' என்று எழுதினாள். என் அபிப்பிராயங்களில் பெரிய ஓட்டை விழுந்தது அன்றுதான்.

அப்பாவிடம் அம்மாவே சொன்னாள். எப்போது, எப்படி என்று இன்றுவரை தெரியாது. அவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினார், மழையைப் பற்றி. பிரபு முதல்முறை வந்தபோது புளியறை வரை பைக்கில் போய் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிவந்தார்.

போன வாரம் இதையெல்லாம் சொன்னதும் பிரபு ஒன்பதாம் பாகத்தை உருவித் தன் லேப்டாப்பில் போட்டான். கரகரவென்று சுற்றி நின்றுவிட்டது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளிப் பூச்சு உதிர்ந்து, அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி தெரிகிறது.

"சரி, படத்தோட பேரச் சொல்லு, தேடலாம்," என்றான்.

பேர் தெரியவில்லை. யார் கண்ணிலும் படக் கூடாதென்று நான் எழுதாமல் விட்ட பேர். எடுத்தவர் யார், எந்த நாடு, எதுவும் ஞாபகமில்லை. இன்று போனைத் திறந்தால் இந்த மாதிரிப் படங்கள் வரிசை வரிசையாக, பளபளப்பான படத்தோடும் பேரோடும் கிடைக்கின்றன. கடைசியில் யாரும் சாவதும் இல்லை. அதில் இது மட்டும் இல்லை. 'இரண்டு ஆண்கள், ஒரு படகு' என்று தேடினால் மீன் பிடிக்கும் வீடியோ வருகிறது.

"என்னலே தேடுதிய ரெண்டு பேரும்?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"அந்தப் படகுப் படம்மா. போச்சு. இனிமே கிடைக்காது."

வந்து அதை வாங்கித் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"போனாப் போகுது. நீங்க ரெண்டு பேரும்தான் இங்கன இருக்கியளே. சாப்பிட வாங்க."