திரும்பி வராத கைநாட்டுச் சீட்டு

கடல் தாண்டிப் பணம் அனுப்புகிற தொழிலில் பணம் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கைநாட்டுச் சீட்டு வந்ததா என்றுதான் கேட்பார்கள். கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு செட்டியார் பணக்கடைக்கு நான் ராக்காவலாளி. பொட்டலக் காகிதங்களைப் பார்த்தே எழுத்துக் கற்றவன். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் கணக்கப்பிள்ளை கப்பலேறிவிட, சீட்டு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுத் தபாலுக்குக் காத்துக் கிடந்தவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

கடைசிக் கப்பல்

திகாம் பத்து என்ற ஊர்ப்பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் அஞ்சலை, ஊரில் தங்கச்சி வீட்டில் விட்டுவந்த ஒரே மகளுக்கு மாதம் தவறாமல் ஐந்து வெள்ளி அனுப்புவாள். பணம் வாங்கியதற்கு மகள் இடது கட்டைவிரலை உருட்டி வைத்த சீட்டு ரெண்டு மாதத்தில் திரும்பி வரும்; அதை வாங்கிப்போய்ப் பத்திரமாய் வைத்துக்கொள்வாள். கடைசிக் கப்பலில் போன பணத்துக்குச் சீட்டு வரவில்லை. பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. அப்படியும் வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நின்றாள். இது கடல் தாண்டாது, கொண்டுபோ என்றேன்.

"கப்பல் நின்னா புள்ள வயிறும் நிக்குமாண்ணே?"

சயாம் வழி

ஜப்பான்காரன் சயாம் ரயில்பாதைக்கு ஆள் பிடித்தபோது அவள் புருஷனையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகும் வாரம் ஒருமுறை வந்து, வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். சீட்டு வந்ததா என்று அதில் தேடுவாள். எனக்குத் தாங்கவில்லை. பெட்டியில் எழுதாத சீட்டுகள் கிடந்தன. ஒன்றில் மகள் பெயரை எழுதி, என் கட்டைவிரலையே மையில் தொட்டு வைத்துவிட்டேன். கெடா இப்போது சயாம்காரன் கையில், அந்த வழியாகத் தபால் வருகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கொடுத்தேன். படிக்கத் தெரியாதவள், அவளுக்கு எல்லா ரேகையும் ஒன்றுதானே என்ற நினைப்பு எனக்கு. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சந்தோஷத்தில் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"எப்படியோ சேதி தெரிஞ்சிருச்சுண்ணே."

ரெண்டு டின் அரிசி

மூன்றாம் நாள் கடைச் சமையல்காரர் பாசாரில் சாமான் வாங்கிவிட்டு வந்தார். அஞ்சலை காதுத் தோட்டை விற்று, பால் டின்னால் அளந்து ரெண்டு டின் அரிசி வாங்கினாளாம். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடக்கையில் அரிசியா, என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"விசேஷமா? மகளுக்குக் கருமாதி. நம்ம கடைச் சீட்டுலதான் சேதி வந்துச்சாமே."

குறுக்குக்கோடு

தோட்டத்தில் அவள் குடியிருந்த லயத்துக்கு நடந்தேன். சோறு வெந்துகொண்டிருந்தது. பாயில் சீட்டுகளைப் பரப்பியிருந்தாள். பழைய சீட்டு ஒவ்வொன்றிலும் ரேகையின் குறுக்கே ஒரு வெள்ளைக்கோடு. சின்னதில் மகள் அரிவாள்மணையில் அறுத்துக்கொண்ட தழும்பு அது. என்னுடையதில் மட்டும் கோடு இல்லை. மகள் செத்துப்போக, வேறு யாரோ பணத்தை வாங்கிக்கொண்டு விரல் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டாள்.

நடந்ததைச் சொல்லிக் கையை நீட்டினேன். என் கட்டைவிரலைப் பிடித்துச் சீட்டோடு வைத்துப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"அப்ப எம்மக இருக்காளா இல்லியாண்ணே?"

அதற்குப் பதில், சண்டை முடிந்து தபால் திறந்து, அவள் புதிதாய் அனுப்பிய பணத்துக்கு, ரேகையில் குறுக்குக்கோடு விழுந்த சீட்டு ஒன்று வந்தபோதுதான் கிடைத்தது. எழுத்துத் தெரிந்தவன் என்று பெயரெடுத்த நான் அதைப் பிரித்துப் படிப்பதற்குள் அவள் படித்து முடித்திருந்தாள்.