பிறந்த வீட்டுக் கோடி

எனக்கு ஒரு தாய்மாமன் கிடைத்தது என் அம்மா செத்த மறுநாள்தான்.

அதுவரை இல்லை. அம்மா ஒற்றைப் பிள்ளை. அவளைப் பெற்றவர்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய் அங்கேயே முடிந்துபோனவர்கள். என் காதுகுத்துக்கு மாமன் மடி இல்லாமல் அப்பாவின் கூட்டாளி ஒருவர் மடியில் உட்காரவைத்தார்களாம். தெருவில் யாருக்கு அம்மாவோடு சண்டை வந்தாலும் முதலில் வருவது ‘பொறந்த வீடு இல்லாதவ’ என்பதுதான். மற்ற எல்லாவற்றுக்கும் சரிக்குச் சரி பேசுபவள், இதற்கு மட்டும் உள்ளே வந்து பாத்திரத்தை உருட்டுவாள்.

எங்கள் தெரு ஊரைவிட்டுத் தள்ளி, வாய்க்காலுக்கு மேற்கே இருந்தது. நடுவில் ஒரு பாலம். பஞ்சாயத்து பிரசிடெண்டின் மச்சினன் கான்ட்ராக்ட் எடுத்துக் கட்டியது. பாலத்துக்கு வந்த சிமெண்ட் மூட்டைகள் பிரசிடெண்டின் புது மாடிக்குப் போனதை ஊரே பார்த்தது. திறப்பு விழாவில் எங்களுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த ஐப்பசியில் மேகமலையில் மழை பிடித்ததும் பாலம் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பிறகு கேஸ் வந்தது, பாலம் வரவில்லை.

மறு வருசம் அதே ஐப்பசி. நடவுக்குப் போன அம்மாவை வரப்பில் பாம்பு கடித்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்துவிட்டது. வந்து, வாய்க்காலின் அந்தக் கரையில் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. டிரைவரின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. தண்ணீர் ஆளை இழுத்துப்போகிற வேகத்தில் ஓடியது. அப்பாவும் பெரியப்பாவும் அம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, தூரத்து மதகைச் சுற்றி ஓடினார்கள். சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது உயிர் இல்லை.

மறுநாள் உடல் வீடு வந்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வடிந்திருந்தது. குளிப்பாட்டிப் பூ வைத்தாயிற்று. இனி பிறந்த வீட்டுக் கோடி விழவேண்டும். அந்தச் சேலை விழாமல் எங்கள் பக்கம் பெண்ணைத் தூக்கமாட்டார்கள். கொண்டுவரத்தான் யாரும் இல்லை. செத்த பிறகும் அவளை அந்தப் பேச்சு விடவில்லை.

அப்போது கரையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

“ஏலே, பிரசிடெண்டு வாராகடா! தண்ணியில எறங்கி வாராக!”

காரை அந்தக் கரையில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நனையாமல் ஒரு புதுச்சேலையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சேலையை அம்மாமேல் போர்த்தி, “ஆத்தா, ஒனக்கு அண்ணன் நான் இருக்கேன்” என்று அழுதார். பொய்யழுகை என்று என்னால் இன்றும் சொல்லமுடியவில்லை. அதுவரை அழாமல் இருந்த அப்பா அவர் தோளில் விழுந்து கதறினார்.

அடுத்த வருசம் எலெக்சன். கட்டில் தூக்கிய பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்.

“ஒம் பொண்டாட்டியக் கொன்னதே அவந்தேன்டா. அவனுக்கா ஓட்டுக் குத்தப் போற?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கோடி போட்டுட்டாகண்ணே. இப்ப மாத்திக் குத்துனா, செத்தவளுக்குப் பொறந்த வீடு இல்லேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்.”

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அவர் யாருக்குக் குத்தினாரோ தெரியாது. பிரசிடெண்ட் முன்னைவிடப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். எங்கள் தெருவைப் போல எத்தனை தெருவில் எத்தனை கோடி போட்டிருந்தாரோ.

எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது. மாமன் இல்லாதவள் என்று இனி என்னை யாரும் சொல்லமுடியாது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “எங்க மாமா எங்க அம்மாவுக்காகத் தண்ணியில எறங்கி வந்தாக, தெரியுமா?” என்று பெருமையடித்தேன். எல்லோரும் வாய்பிளந்து கேட்டார்கள். பாலம் கட்டிய இடத்தில் அவர் எதற்காகத் தண்ணீரில் இறங்கவேண்டியிருந்தது என்று அவர்களில் ஒருத்தியும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.